கோமாரி வந்த வழி

அண்ணா,

கொல்லங்கோட்டில் என் பக்கத்து வீட்டுத் தொழுவத்தை இன்று காலை சலவைச் சோடா கரைத்த வெந்நீரால் கழுவினார்கள். அந்த வாசனை மதிலைத் தாண்டி வந்ததும் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். கோமாரிதான். பார்க்க வந்திருந்த இளம் டாக்டர், நானும் ஓய்வு பெற்ற மாட்டு டாக்டர் என்று தெரிந்ததும் நின்று பேசினார். கிருமியின் மரபணுவைப் படித்து, அது எந்தப் பக்கத்துக் கிருமிக்கு உறவு, எந்த வழியாக வந்திருக்கும் என்றுகூட இப்போது சொல்லிவிடலாமாம். அவர் போன பிறகும் என்னால் உட்கார முடியவில்லை. இதை உங்களிடம்தான் சொல்லவேண்டும். நீங்கள் இல்லை.

எழுபதுகளில் நான் எருத்தேன்பதி மிருகாசுபத்திரிக்கு வேலைக்கு வந்தபோது, நீங்கள் பொள்ளாச்சிப் பக்கத்துச் சந்தைகளில் மாடு பிடித்து வந்து விற்றுக்கொண்டிருந்தீர்கள். பொம்பளை டாக்டரா என்று ஊர் சிரித்த காலம். நீங்கள் சிரிக்காமல் ‘அம்மிணி’ என்று கூப்பிட்டீர்கள். அந்த வருடம் வீடு வீடாகப் போய்க் கோமாரிக்கு ஊசி போட்டேன். சில வாரங்களிலேயே ஊசி போட்ட மாடுகளும் எச்சில் ஒழுக்கிக்கொண்டு நொண்டத் தொடங்கின. ஆசுபத்திரி வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

“ஊசி போட்டீங்களே, அப்பறம் எப்படிங்க வந்துச்சு? வெறுந்தண்ணியப் போட்டீங்களா?”

கோமாரிக் கிருமியில் பல வகை உண்டு, ஒன்றுக்குப் போட்ட ஊசி இன்னொன்றைத் தடுக்காது என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் கேட்கிற நிலையில் இல்லை. எந்த வகை என்று தெரிந்தால் பொருத்தமான ஊசியை வரவழைக்கலாம். அதற்கு அப்போதுதான் எழும்பிய கொப்புளத்தின் தோல் வேண்டும். ஊரில் புண்களெல்லாம் உடைந்து பழசாகியிருந்தன. புதிதாக நோய் பிடித்த மாடு வைத்திருந்தவர்கள் பழிக்குப் பயந்து அதை மறைத்தார்கள்.

அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நீங்கள் வந்தீர்கள். “அம்மிணி, என்ற தோப்புல ஒரு எருதுக்கு இன்னைக்குத்தானுங்க நாக்குல கொப்புளம் எடுத்திருக்குது. போன சந்தையில புடிச்சது. வந்து வேணுங்கறத எடுத்துக்கங்க.”

சந்தை மாடு என்ற சொல் ஒவ்வொருவர் முகத்திலும் இறங்குவதைப் பார்த்தேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

தோப்பில் எருதின் நாக்கைப் பிடித்து இழுத்துக் கொடுத்தீர்கள். அது வலியில் முனகியது. தோலை நறுக்கிக் கிளிசரின் புட்டியில் போட்டு, ஐஸ் நிரப்பிய பிளாஸ்கில் வைத்தேன். உங்கள் மனைவி தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். “ஊரே நம்ம மேலதானுங்க பழி போடும்” என்றார்.

“போடட்டும். கன்னுக்குட்டி சாவறதப் பாத்துட்டு எப்படிப் பேசாம இருக்கறது?”

அன்றே நீங்கள் உடுமலைக்குப் பஸ் ஏறினீர்கள். அதே சந்தையில் பிடித்து, சில நாள் அதே தோப்பில் கட்டியிருந்த வேறு எருதுகளை உங்கள் ஆள் காந்தலூருக்கு நடத்திக்கொண்டு போயிருந்தான். மலை ஏறுமுன் அவனைப் பிடித்து, அடிவாரத்திலேயே ஒரு தரிசில் கட்டிவைத்தீர்கள். அவற்றில் இரண்டு அங்கேயே நோயில் விழுந்தன. உழவுக்குக் காத்திருந்த காந்தலூர்க்காரர், சொன்ன வார்த்தையைக் காப்பாற்றவில்லை என்று வைதுவிட்டு வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார். மேலே அந்த வருடம் கோமாரி வரவே இல்லை. வராத நோய்க்கு யார் நன்றி சொல்வார்கள்?

இங்கே கன்றுகள் செத்துக்கொண்டிருந்தன. பால் குடித்துக்கொண்டிருந்த தன் கன்று அப்படியே சுருண்டு விழுந்ததைக் கண்ட மாராத்தாள், உங்கள் வாசலுக்கு வந்து மண்ணை வாரித் தூற்றினாள். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றீர்கள்.

ஆய்வுக்கூடத்திலிருந்து பதில் வந்தது. வேறு வகைதான். அதற்கான ஊசி வந்தது. பக்கத்து ஊர்கள் தப்பின. என் மேல் இருந்த சந்தேகம் நீங்கியது. புது வகை என்றால் வெளியிலிருந்து வந்த மாடுதானே கொண்டுவந்திருக்கும் என்று உங்கள் மேல் இருந்தது இன்னும் இறுகியது. பால் சொசைட்டி வாசலில் நான் விளக்கி முடித்ததும் நீங்கள் கேட்டீர்கள்: “அப்ப என்ற மாடுதான் கொண்டாந்துச்சுங்களா?”

“தெரியலைங்க அண்ணா. இங்க வந்தப்பறம்கூட அதுக்குப் புடிச்சிருக்கலாம்.”

“தெரிஞ்சாச் சொல்லோணும்.”

அதற்குப் பிறகு சந்தையில் பிடித்த எந்த மாட்டையும் சில வாரம் தனியே கட்டாமல் நீங்கள் விற்றதில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கேள்வியும் வந்தது. தெரியாது என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. அன்றைய சோதனை கிருமியின் வகையைச் சொல்லும்; வந்த வழியைச் சொல்லாது. வழியைச் சொல்லும் வித்தை இப்போது வந்துவிட்டது, ஆனால் அந்தத் துண்டுத் தோல் எங்கும் இல்லை. இளம் டாக்டரிடம் விசாரித்துவிட்டேன். பழைய மாதிரி இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

கடைசியாக நீங்கள் படுக்கையில் இருந்தபோதும் கேட்டீர்கள். உங்கள் தலைமாட்டில் நின்ற உங்கள் மனைவி, ‘இல்லையென்று சொல்லிவிடுங்கள்’ என்று கண்ணாலேயே கெஞ்சினார். என்னால் முடியவில்லை. “இன்னும் தெரியலைங்க அண்ணா” என்றேன்.

நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “சரி, பாருங்க அம்மிணி” என்றீர்கள்.

பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அண்ணா.