டப்பாவைத் தூக்கிய குரங்கு

ஜூன் 14, சனி

சாரல் பிடித்துவிட்டது. ஆறு அறையும் நிரம்பிவிட்டது. குற்றாலத்தில் அறை வாடகைக்கு விடுகிறவனுக்கு மச்சினன் இருக்கக்கூடாது. என் வீட்டுக்காரி முத்துவடிவு வளர்த்த தம்பி வல்லிநாயகம் புளியறையிலிருந்து வந்தான், இரண்டு நாள் அருவியில் குளித்தான், காலையில் போனான். லாரிக்காரர்களெல்லாம் அவன் புரோட்டாக் கடையை விட்டு எதிர்க்கடைக்கே போகிறார்களாம், ஒரே புலம்பல். "புரோட்டாவைக் கொஞ்சம் மெத்துனு போடுலே, பல்லு தப்பிக்கட்டும்" என்றேன்.

மத்தியானம் பார்த்தால் மாடிப்படியில் இருந்த வைஃபை டப்பாவைக் காணோம்.

"கொரங்கு தூக்கியிருக்கும்" என்றாள் முத்துவடிவு, நான் கேட்பதற்கு முன்பே.

இருக்கலாம். போன சீசனில் ஒரு மதுரைக்காரரின் கண்ணாடியைக் குரங்கு மாட்டிக்கொண்டு திரிந்தது. அவரைவிட அதற்குத்தான் எடுப்பாக இருந்தது. ஆனால் பிளக்கைக் கழற்றி, சுவிட்சையும் அணைத்துவிட்டா போகும்?

ஜூன் 15

இணைப்பு கொடுக்கிற ரபீக் வந்தான்.

"டப்பா போனாப் போகுது அண்ணாச்சி. உள்ள ஒங்க பேரும் பாஸ்வேர்டும்லா கெடக்கு! எவன் எங்கன மாட்டினாலும் எங்க ஆபீஸ்ல குத்தாலிங்கம்னுதான் காட்டும். அவன் யாரையாச்சும் ஏமாத்துனா, போலீஸ் ஒங்க வாசலுக்குத்தான் வரும்."

எவனோ களவாணிப்பய செஞ்சதுக்கு இந்த வயசுல நான் கையக் கட்டி நிக்கணுமா?

"இப்பமே பூட்டுலே" என்றேன். பாஸ்வேர்டை மாற்றினான். டப்பாவின் நம்பரையும் ஆபீசில் சொல்லித் தடுத்துவிட்டான். இனி அதை எங்கே மாட்டினாலும் சிவப்பு விளக்குதானாம்.

ஜூன் 16

நாளை போலீசில் எழுதிக் கொடுக்கிறேன் என்றேன் முத்துவடிவிடம். "கொரங்கு மேல கேசு எடுப்பாகளாக்கும்?" என்றாள். குழம்பில் உப்பே இல்லை.

ஜூன் 17

போலீசுக்குப் போகச் சட்டையை மாட்டும்போது ரபீக்கின் போன். பேச முடியாமல் சிரிக்கிறான்.

அவனிடம் இணைப்பு வாங்கிய ஒரு புரோட்டாக் கடை. போன வாரம் இடி விழுந்து டப்பா கருகிவிட்டது. "வேற டப்பா மாட்டியிருக்கேன், செவப்பு லைட்டே எரியுது, ஒடனே வந்து பாரு" என்று கடைக்காரன் அதிகாரம் பண்ணியிருக்கிறான். ரபீக் அடியில் உள்ள நம்பரை வாசிக்கச் சொன்னான். ஒரு எண் விடாமல் திருத்தமாக வாசித்தானாம். என் டப்பாவின் நம்பர். என் மச்சினனின் கடை.

தூக்கினவனே ரிப்பேருக்கு ஆள் கூப்பிடுவானா?

எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டா குடுத்திருக்க மாட்டேனா? — மாட்டேன். கேலிதான் பண்ணியிருப்பேன். வைஃபை இல்லாமல்தான் லாரிக்காரர்கள் எதிர்க்கடைக்குப் போனார்கள் போல; கேட்க வந்துதான் புலம்பினானோ என்னவோ.

சட்டையைக் கழற்றிவிட்டேன். "கொரங்குதான் போல" என்றேன் முத்துவடிவிடம்.

ஜூன் 22, ஞாயிறு

வல்லிநாயகம் வந்தான். ஒரு கையில் புரோட்டாப் பொட்டலம், மறு கையில் மஞ்சள் பை.

"அத்தான், ஒங்க டப்பா... கொரங்கு நம்ம கடைப் பக்கம் போட்டுட்டுப் போயிருக்கு."

"குத்தாலத்துக் கொரங்கு செங்கோட்டையில பஸ் மாறியா புளியறைக்கு வந்துச்சுலே?" என்றேன்.

பையைப் பிரித்தேன். வயரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. "நல்ல வளர்ப்பு" என்றேன். அடுப்படியில் ஒரு கரண்டி கீழே விழுந்தது.

ரபீக்கை வரவழைத்து, தடையை நீக்கி, டப்பாவிலிருந்து என் பேரை அழித்து, மச்சினன் பேரை ஏற்றச் சொல்லி மச்சினனிடமே கொடுத்துவிட்டேன். நேற்றே எனக்குப் புதுசு வாங்கிக் கம்பிக் கூண்டுக்குள் பூட்டியாயிற்று.

மத்தியானம் மூன்று இலை போட்டாள். குழம்பில் உப்பு சரியாக இருந்தது.