நாளை காலை ஒன்பதரைக்குக் கடை திறக்கும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது இவர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று பயந்துவிடாதே. போனை எடுத்தாலே உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். அவளைப் பற்றி அவள் காதுபடப் பேசும் தைரியம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அது உனக்குத் தெரியாததா.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டு, அடுத்த மாதம் கண்டிப்பாக வருகிறேன் என்று சொன்னாய். அம்மா போனை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனாள். அம்மாவுக்கு என் மேல கோபமாப்பா என்று நீ கேட்டாய். நான் என்னவோ சொல்லி மழுப்பிவிட்டேன். கோபமெல்லாம் இல்லை, கண்ணு. ஆனால் அதை உனக்கு விளங்கச் சொல்ல வேண்டுமானால் மஞ்சள் கடையின் கடைசி நாட்களிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். கடை மூடிவிட்டது என்று மட்டும் உன்னிடம் சொன்னோம். எப்படி மூடியது என்று சொல்லவில்லை.

நானும் அம்மாவும் வேலை பார்த்த, மஞ்சள் போர்டு போட்ட அந்தத் தள்ளுபடிக் கடைக்கு ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் கிளை இருந்தது. ஒவ்வொன்றாக மூடினார்கள். மூடிய கிளையில் மிஞ்சிய சரக்கு லாரியில் எங்களிடம் வரும். பெட்டியின் மேல் வேறு கிளையின் பெயரை அடித்துவிட்டு எங்கள் கிளையின் பெயரை எழுதியிருப்பார்கள். குடோனில் அதை இறக்கும்போதெல்லாம் செத்தவர் சட்டையைப் போட்டுக்கொள்வது போல எனக்கு ஒரு மாதிரி இருக்கும். பிறகு அந்த லாரியும் நின்றது. ஏசியை நிறுத்தினார்கள். பாதி விளக்கை அணைத்தார்கள். பாத்திரங்களை அலமாரியின் முன்வரிசைக்கு இழுத்து வைத்து, பின்னால் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கி, கடை நிறைந்திருப்பது போலக் காட்டினோம்.

அந்த நிலைமையிலும் நம் ஆட்கள் ஒருவரும் வேலையில் கை சோர்ந்து நான் பார்க்கவில்லை. தையல்காரம்மா தன் மிஷினை வாசல் வெளிச்சத்துக்கு நகர்த்திப் போட்டுக்கொண்டு, வாங்கிய பேன்ட்டுகளுக்கு நீளம் குறைத்துக் கொடுத்தார். கேஷில் இருந்த பெண், மூடிய கவுண்டர்களையும் தினமும் துடைத்து வைத்தாள். யார் வரப்போகிறார்கள் என்று கேட்டதற்கு, வந்தா என்ன பண்ணுவீங்க என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

உன் அம்மா மைக்கில் இருந்தாள். அவளுக்கு மைக் எதற்கு என்று குடோனில் நாங்கள் கேலி பேசுவோம். வீட்டில் மைக் இல்லாமலே தெருக்கோடிவரை கேட்கும் குரல்தானே. ஆனால் அவளுடைய வேலை முறை உனக்குத் தெரியாது, நீ அதைப் பார்த்ததில்லை. எந்தப் பொருளையும் நேரில் போய்த் தொட்டுப் பார்க்காமல் மைக்கில் சொல்ல மாட்டாள். வாளி பாதி விலை என்று சொல்வதற்கு முன் வாளியைத் தட்டிப் பார்ப்பாள். போர்வை மெத்தென்று இருக்கும் என்று சொல்ல வேண்டுமானால் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வருவாள். 'இன்றே கடைசி' என்று அவள் சொன்னால் அது அன்றுதான் கடைசி. அந்தம்மா சொன்னா சரியா இருக்கும் என்று வாடிக்கையாளர்கள் பேசிக்கொண்டே நடப்பதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்டுக்கொண்டே பெட்டி தூக்குவேன், கனம் தெரியாது.

மூடும் வேலைக்காகத் தலைமை அலுவலகம் ஒரு மனிதரை அனுப்பியது. ஏசி இல்லாத கடையிலும் டை கட்டிக்கொண்டு வியர்த்துக்கொண்டிருந்ததால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'டை'. வந்த அன்றே விலைச்சீட்டுகளைக் கூட்டி ஒட்டச் சொன்னார். கூட்டிய விலையிலிருந்து பாதி தள்ளுபடி. தினமும் மைக்கில் 'இன்றே கடைசி' என்று சொல்ல வேண்டும், கடை மூடப் பல வாரம் இருந்தாலும் சரி. உன் அம்மா கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். அப்புறம் மைக்கை எடுத்து, கடை மூடப் போறோம், பழைய விலையில பாதி, மூடுற வரைக்கும் இதே விலைதான், அவசரப்படாம வாங்க, கூட்டம் இல்லாத நேரமா பார்த்து வாங்க என்று அறிவித்தாள். நான் குடோன் கதவருகே நின்று, இன்றைக்கே நம் வீட்டில் ஒரு சம்பளம் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். டை வாயைத் திறப்பதற்குள், வாசல் ஸ்பீக்கரில் அதைக் கேட்ட ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். அந்த வாரம் நடந்த வியாபாரம் அதற்கு முன் பல மாதங்களில் நடக்கவில்லை. கூட்டி ஒட்டிய சீட்டுகளை அவரே நகத்தால் சுரண்டி எடுத்தார்.

தினமும் கடை மூடும்போது அவள் சொல்வது ஒரே அறிவிப்பு. கடை மூடும் நேரம் ஆயிடுச்சு, நாளை காலை ஒன்பதரைக்குக் கடை திறக்கும், எல்லாரும் பார்த்துப் பத்திரமா வீட்டுக்குப் போங்க. கடைசி நாளன்று அலமாரிகளைக்கூட விற்றுவிட்டோம். மைக்கையும் ஸ்பீக்கரையும் ஒருவர் விலைபேசிவிட்டு, அறிவிப்பு முடியட்டும், எடுத்துக்கொள்கிறேன் என்று மரியாதையாகக் காத்திருந்தார். உன் அம்மா மைக்கைப் பிடித்தாள். இத்தனை வருட வாய்ப்பழக்கம், நாளை காலை ஒன்பதரைக்குக் கடை திறக்கும் என்று சொல்லிவிட்டாள்.

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. யாரும் சிரிக்கவில்லை. திருத்திச் சொல்லலாம் என்று அவள் மறுபடியும் வாயைத் திறந்தாள். பிறகு மைக்கைக் கீழே வைத்துவிட்டாள். விலைபேசியவர் மைக்கின் வயரைச் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். உன் அம்மா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். வேலை போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இத்தனை வருஷத்துல மைக்ல ஒரு பொய் சொல்லல, கடைசி வார்த்தை பொய்யாப் போச்சு என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். எனக்கு அவளைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது.

காலையில் முழங்காலுக்குத் தைலம் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். உள்ளே மஞ்சள் யூனிஃபார்ம் சட்டை, மேலே வேறொரு சட்டை. ஒன்பதரைக்கு அந்தக் கடை வாசலில் ஒரு ஆளாவது நிற்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். வேறு திட்டம் எதுவும் இல்லை. போய்ப் பார்த்தால் தையல்காரம்மா நிற்கிறார். கத்திரிக்கோலை மறந்துவிட்டாராம். கேஷ் பெண் நிற்கிறாள், குடையை விட்டுவிட்டாளாம். செருப்புப் பகுதிக்காரர், பாத்திரப் பகுதி அக்கா, இன்னும் ஏழெட்டுப் பேர், ஆளுக்கொரு சாக்கு. ஆனால் எல்லோரும் மஞ்சள் சட்டை போட்டிருந்தார்கள். நானும் மேல்சட்டையைக் கழற்றிவிட்டேன்.

கட்டடத்துக்காரரிடம் சாவியை மதியம் ஒப்படைக்க வேண்டும் என்பதால் அது இன்னும் வாட்ச்மேன் அண்ணன் கையில்தான் இருந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். மைக் அக்கா சொல்லிட்டாங்கல்ல என்று முனகிக்கொண்டே குனிந்து ஷட்டரைத் தூக்கினார். ஒன்பதரைக்குக் கடை திறந்தது.

நான் நொண்டிக்கொண்டே வீட்டுக்கு ஓடினேன். கடை திறந்திருக்கு, வந்து பாரு என்றேன். அவள் நம்பவில்லை. ஆனாலும் தலைகூடச் சரியாக வாராமல் என்னுடன் வந்தாள். காலியான ஹாலில் எல்லோரும் சும்மா நிற்பதைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் வேலையாக ஒரு திட்டு திட்டினாள், கடை திறந்திருக்கு, ஒருத்தர்கூட பெருக்கலையா என்று. பெருக்கினோம்.

அப்போதுதான் ஒரு வாடிக்கையாளர் உள்ளே வந்தார். கையில் நம் கடைப் பை. முந்தின நாள் மகளுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கியிருக்கிறார். வீட்டில் பிரித்துப் பார்த்தால் இரண்டும் இடது கால். நேத்து மைக்ல இன்னைக்குத் திறக்கும்னு சொன்னாங்களே, அதான் மாத்திக்கலாம்னு வந்தேன் என்றார். அலமாரிகளே இல்லாத ஹாலை அவர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். கிளம்பத் திரும்பினார்.

உன் அம்மா அவரை விடவில்லை. செருப்புப் பகுதிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். பார்வைக்கு எப்போதும் இடது காலை மட்டும்தான் வைப்போம். கடைசி நாள் அவசரத்தில் பார்வைக்கு வைத்ததையும் பெட்டியில் போட்டு, வலது காலை வெளியே விட்டிருக்கிறோம். அப்படியானால் அந்த ஒற்றைக் கால் உள்ளே எங்கேயோ கிடக்க வேண்டும். உன் அம்மா மைக் இருந்த தூணருகே போய் நின்றாள். மைக் இல்லை, கரண்டும் இல்லை. குழந்தை ஷூ, கருப்பு, வலது கால் ஒண்ணு, எங்க கிடக்குன்னு எல்லாரும் பாருங்க என்று வெறுங்குரலில் அறிவித்தாள். ஹால் முழுக்க அது எதிரொலித்தது. பத்துப் பதினைந்து பேர் குப்பையைக் கிளறினோம். கடைசியில் குடோன் மூலையில் கந்தலும் அட்டையுமாகக் கிடந்த குவியலுக்குள்ளிருந்து தூசியோடு தலையை நீட்டியது யார் தெரியுமா. டை. சாவியை ஒப்படைப்பதைப் பார்க்க வந்தவர், டையைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு, கையில் ஷூவைத் தூக்கிப் பிடித்திருந்தார். தையல்காரம்மா அதைத் தன் முந்தானையில் துடைத்துக் கொடுத்தார். ஷூ வாங்கியவர் நன்றி சொன்னார். மறுபடியும் வாங்க என்று கேஷ் பெண் பழக்கத்தில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தோம், உன் அம்மாவும்தான்.

மதியம் கட்டடத்துக்காரர் வந்தார். உன் அம்மா மறுபடியும் தூணருகே போனாள். கடை மூடும் நேரம் ஆயிடுச்சு. நாளைக்குக் கடை திறக்காது. எல்லாரும் பார்த்துப் பத்திரமா வீட்டுக்குப் போங்க. தடுமாறாமல் சொன்னாள். யாரும் நகரவில்லை என்றதும் தானே முதலில் வெளியே நடந்தாள். இவளோடு வாழ்ந்திருக்கிறேன் என்று அன்றைக்கு எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

எங்கள் பிழைப்பைப் பற்றி நீ கவலைப்படாதே. எனக்கு ஒரு மரச்சாமான் கடையின் குடோனில் வேலை கிடைத்திருக்கிறது, தூக்க வேண்டாம், கணக்குப் பார்த்தால் போதும் என்கிறார்கள். அம்மாவை ஒரு பெரிய துணிக்கடைக்கு டையே சிபாரிசு செய்தார். என்ன சொல்லச் சொல்வீங்க என்று அங்கே கேட்டாளாம், பதில் பிடிக்காமல் திரும்பி வந்துவிட்டாள். இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பெயரைக் கூப்பிடும் வேலைக்குப் போகப் போகிறாள். அங்க பேரைக் கூப்பிட்டா அந்த ஆள் எழுந்து வந்துடுவாங்க, அது போதும் எனக்கு என்றாள். சொல்லிவிட்டு உன் அறைப் பக்கம் பார்த்தாள்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். இதற்கு முன்னும் வருகிறேன் என்று சில தடவை சொல்லியிருக்கிறாய். ஒவ்வொரு தடவையும் அம்மா உன் அறையைக் கழுவி, மெத்தையை வெயிலில் போட்டு, உறை மாற்றி வைத்தாள். பிறகு வேலை வந்துவிட்டது என்று நீ சொன்னாய். நியாயம்தான், உன் வேலை அப்படி. அவளுக்கு உன் மேல் துளி கோபம் இல்லை. உன் வாயிலிருந்து வரும் ஒரு சொல் பொய்யாகிப்போவதை அவளால் பார்க்க முடியவில்லை. அதனால்தான் தேதி என்ற பேச்சு வந்ததும் போனைக் கொடுத்துவிட்டு எழுந்துவிடுகிறாள்.

அவளுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நீ வருகிறேன் என்று சொன்ன ஒவ்வொரு தேதியிலும் நான் பேருந்து நிலையத்துக்குப் போனேன். நீ வரவில்லை என்பது எனக்கு முன்பே தெரியும். இருந்தாலும் கடைசி ஆள் இறங்கும்வரை நின்றுவிட்டு வந்தேன். நீ சொன்ன நேரத்தில் அங்கே ஒரு ஆளாவது நிற்க வேண்டும் என்று தோன்றியது.

வர முடியாது என்றால் வர முடியாது என்று சொல்லிவிடு, கண்ணு. நாளைக்குக் கடை திறக்காது என்று தன் வாயால் சொன்னவள் இதையும் தாங்குவாள். வர முடியும் என்றால் தேதியை என்னிடம் சொல்லாதே. அம்மாவைக் கூப்பிட்டு அவளிடமே சொல். மெத்தை வெயிலில் கிடக்கும், நான் பேருந்து நிலையத்தில் நிற்பேன். பார்த்துப் பத்திரமாக வீட்டுக்கு வா.

எப்போதும் உன் நலமே நினைக்கும்,
அப்பா