கூட்டத்தில் படிக்காமல் விட்ட பேர்

ஆவணி மாசம், வியாழக்கிழமை ராத்திரி.

படுத்தும் தூக்கம் வரவில்லை. இன்று கள்ளக்குறிச்சியில் சேவை சங்கத்தின் வாராந்தரக் கூட்டத்தில் பேத்தி செல்விக்குக் காது மிஷின் மாட்டினார்கள். காய்ச்சலில் போன காது, மூன்று வருஷம் கழித்து இன்றுதான் கேட்டது.

அதோடு வந்திருக்கலாம். நன்றி சொல்லச் சொல்லி செயலாளர் ஒரு காகிதத்தை நீட்டினார். எழுத்துக்கூட்டிப் படித்தேன். நடுவில், மிஷின் கொடுத்தவருடைய செத்துப்போன அப்பா பேர் இருந்தது. பாம்பு கடித்த என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கேட்டு நின்றபோது, மாடு களைத்திருக்கிறது என்று கதவைச் சாத்திய மனுஷன். ‘தர்மவான்’ என்று போட்டிருந்தது. அந்த வரியைத் தாண்டிவிட்டேன்.

“இன்னா ஆயா, எங்க அப்பா பேர வுட்டுட்டீங்களே?” என்று மிஷின் கொடுத்த அந்த மகன் சிரித்துக்கொண்டே கேட்டார்.

மிஷினைத் திரும்ப வாங்கிக்கொள்வார்களோ என்று பயந்துபோனேன். “கண்ணு சரியா தெரியலைங்க” என்று சொல்லிவிட்டேன்.

உடனே தலைவர் மைக்கைப் பிடித்தார். “பாவம், ஆயாவுக்கு அடுத்த வாரமே கண்ணாடி குடுத்துடலாம்!” அதுவும் அதே அப்பா நினைவாகத்தானாம். எல்லாரும் கை தட்டினார்கள். “கண்ணாடி போட்டுக்கினு இத முழுசா படிச்சிடுங்க” என்று செயலாளர் காகிதத்தை என் பையில் திணித்தார்.

வடக்கனந்தல் பஸ்ஸில் செல்வி என் முந்தானையை இழுத்தாள். “ஏன் ஆயா கண்ணு தெரியலன்னு சொன்ன? நேத்துகூட ஊசில நூல் கோத்தியே?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மூன்று வருஷமாக ஒன்றும் கேட்காத பிள்ளைக்கு, முதல் நாளே என் பொய் கேட்டிருக்கிறது.