ஓய்வு: முப்பது நொடி

மார்ச் 4, செவ்வாய்

என் நாடித் துடிப்பு 72. கண்ணுக்குச் சொட்டு மருந்து இரண்டு வேளையும் போட்டேன்.

மாப்பிள்ளையின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. கொழுப்பு கோட்டைத் தாண்டிவிட்டது. வயது நாற்பத்தாறு. சரக்கு லாரிகளை ஊர் ஊராக அனுப்பும் அலுவலகத்தில் பத்து மணி நேரம் உட்கார்ந்தே வேலை. மகள் தாளைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து, "லாரியெல்லாம் ஓடுது. அனுப்பறவர்தான் நகர மாட்டேங்கறார்" என்றாள். அவர் சிரித்தார். நானும் சிரிக்கலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் பேச்சு மாறிவிட்டது.

மார்ச் 9, ஞாயிறு

மாப்பிள்ளை உடற்பயிற்சி தொடங்கியிருக்கிறார். நடை இல்லை. முப்பது நொடி உடம்பில் உள்ள பலத்தையெல்லாம் திரட்டி, நின்ற இடத்தில் ஓடுவது, தரையில் விழுந்து எழுவது. பிறகு முப்பது நொடி ஓய்வு. இப்படி எட்டுச் சுற்று. மொத்தம் எட்டே நிமிடம்.

"ஒரு மணி நேரம் நடக்கறதுக்குச் சமம் மாமா. நமக்கு நடக்க எங்க நேரம்?"

நேரம் சொல்ல போனில் ஏதோ வைத்திருந்தார். அது அலறிய அலறலில் மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார். மாப்பிள்ளை என் அறை வாசலில் நின்று, "மாமா, உங்ககிட்ட ஸ்டாப்வாட்ச் இருக்குல்ல? நீங்களே சொல்லிடுங்க. உங்களைவிட கரெக்டா யார் சொல்லிடப் போறாங்க?" என்றார்.

எடையளவுத் துறையில் முப்பத்தொரு வருடம் கடை கடையாகத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தியவன் நான். இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருடமாகிறது. மாப்பிள்ளை என்னிடம் கேட்ட முதல் உதவி இதுதான். சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 10, திங்கள்

கூடத்தில் மேசையை ஓரம் தள்ளிவிட்டுத் தொடங்கினோம். நான்கு சுற்று. நேரம் துல்லியம்.

நான்காவது சுற்றின் முடிவில் அவர் முகம் சிவந்து, உதட்டைச் சுற்றி மட்டும் வெளுத்திருந்தது. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். 178. இருநூற்றிருபதிலிருந்து வயதைக் கழித்தால் வருவதுதான் உச்சவரம்பு என்று எங்கோ படித்திருக்கிறேன். அவருக்கு 174. நான்கு கூடுதல். எண்ணியதில் பிழை இருக்கலாம்.

சொல்லவில்லை. மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

மார்ச் 13, வியாழன்

நூலகத்தில் இரண்டு மணி நேரம். குறிப்பெடுத்தேன். இதயம் பலப்படும், சர்க்கரை இறங்கும், குறைந்த நேரத்தில் நிறைந்த பலன் என்கிறது ஒரு கட்டுரை. பழக்கமில்லாத உடம்பு, நாற்பதைத் தாண்டிய வயது என்றால் முதலில் மருத்துவரைப் பார், மெல்ல மெல்ல ஏற்று என்கிறது இன்னொன்று. இரண்டையும் எழுதியவர்கள் படித்தவர்கள். நான் யார் பக்கம்?

வீட்டுக்கு வந்து, "டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்று ஆரம்பித்தேன். "கேட்டா நடக்கச் சொல்வார் மாமா" என்றார். மகள் கரண்டியோடு எட்டிப் பார்த்து, "அப்பா, அவரே இப்பதான் கிளம்பியிருக்கார். பயமுறுத்தாதீங்க" என்றாள்.

சரி என்றேன்.

மார்ச் 14, வெள்ளி

ஓய்வு 35 நொடி கொடுத்தேன். அவருக்குத் தெரியவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

ஓட்டம் 27. ஓய்வு 42. ஆறு சுற்று. நாடி 151.

மார்ச் 23, ஞாயிறு

ஓட்டம் 25. ஓய்வு 50. எட்டுச் சுற்றும் முடித்துவிட்டார். முடித்ததும் என் தோளைத் தட்டி, "பாத்தீங்களா மாமா, உடம்பு பழகிடுச்சு" என்றார். மூச்சு வாங்குகிறவனுக்கு எவ்வளவு ஓய்வும் குறைவாகத்தான் தெரியும். அதை நம்பித்தான் செய்கிறேன்.

பணியில் இருந்தபோது ஒரு பழக்கடைக்காரர். அவருடைய தராசு கிலோவுக்கு முப்பது கிராம் கூடுதலாகக் கொடுத்தது. "வாங்கறவங்களுக்கு நல்லதுதானே சார், என் நஷ்டந்தானே" என்றார். கூடினாலும் பிழை பிழைதான் என்று தராசைப் பறிமுதல் செய்துகொண்டு வந்தேன். அன்று எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. எனக்குள் இருந்த அந்த மனிதன் எங்கே போனான்?

ஏப்ரல் 2, புதன்

மாப்பிள்ளை இரண்டு கிலோ குறைந்திருக்கிறார். மகள் எனக்கும் சேர்த்துக் காபி போட்டுக்கொண்டு வந்து, "உங்க ரெண்டு பேர் கூட்டணி நல்லாத்தான் இருக்கு" என்றாள். நாளை ஓய்வில் ஒரு நொடி குறைக்க வேண்டும். நாளுக்கு ஒன்றாகக் குறைத்தால் மாத முடிவில் முப்பதுக்கு வந்துவிடலாம். அட்டவணை போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 7, திங்கள்

அட்டவணைப்படி 45-க்கு வந்திருக்கிறேன். ஆனால் அவர்கள் அலுவலகத்தில் உடற்பயிற்சிக் கூடம் திறந்துவிட்டார்களாம். பயிற்சியாளர் இவரிடம், வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்.

"முப்பதுக்கு முப்பது, எட்டு ரவுண்டுன்னேன். ஆளைப் பாத்தா தெரியலையேன்னார். எங்க மாமா ஸ்டாப்வாட்ச் வெச்சு சொல்றார், அரசாங்க முத்திரைன்னேன். நாளைக்கு நேரா ரெண்டாவது குரூப்புல, பழகினவங்களோட வரச் சொல்லிட்டார்."

மகள் சிரித்தாள். நான் வாயைத் திறந்தேன். "மாப்பிள்ளை..." என்றேன். "சொல்லுங்க மாமா" என்றார். "தண்ணி நிறைய குடிங்க" என்றேன்.

அவ்வளவுதான் வந்தது. காலையில் அவர் கிளம்புமுன் சொல்லிவிட வேண்டும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

சொல்லல. செருப்பு போட்டுட்டு இருந்தார், பக்கத்துலயே நின்னேன், சொல்லல.

ஆறாவது சுற்றில் விழுந்துவிட்டாராம். ஆஸ்பத்திரியில் இருக்கிறார். மகள் போயிருக்கிறாள். என்னை வர வேண்டாம் என்றாள். நான் எதற்குத்தான் இருக்கேன் இங்க?

ஏப்ரல் 10, வியாழன்

உயிருக்கு ஆபத்தில்லை. இதயக் குழாய் ஒன்றில் பெரிய அடைப்பு. ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். அடைப்பு இன்று நேற்று வந்ததில்லையாம்.

வராந்தாவில் மருத்துவரை நிறுத்தி, இந்தப் பயிற்சி உடம்புக்கு நல்லதா கெட்டதா என்று கேட்டேன். வயதைப் பார்த்துப் பொறுமையாக நின்றார்.

"நல்லதுதான் பெரியவரே. யாருக்கு, எவ்வளவு, எப்ப ஆரம்பிக்கறதுங்கறதுதான் விஷயம். இவர் சோதனை பண்ணிட்டு இறங்கியிருக்கணும். எனக்குப் புரியாதது ஒண்ணுதான். ஒரு மாசமா இதையேதான் வீட்ல பண்ணேன், நெஞ்சுல ஒண்ணும் தெரியலைங்கறார். இந்த அடைப்புக்கு முதல் வாரமே இறுக்கிப் பிடிச்சிருக்கணுமே. அப்பவே வந்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது."

நான் தலையாட்டினேன். புரியாத ஆள் மாதிரி தலையாட்டினேன்.

முதல் வாரமே காட்டியிருக்க வேண்டியதை நான் மூடி வைத்தேன். அல்லது, துல்லியமாகச் சொல்லியிருந்தால் முதல் வாரமே நம் வீட்டுக் கூடத்தில் விழுந்திருப்பார், பக்கத்தில் நான் ஒருவன் மட்டும் நின்றிருப்பேன். இரண்டில் எது? நான்கு பக்கம் எழுதிப் பார்த்தேன். எழுத எழுத இரண்டும் சரியாகவே வருகிறது.

ஏப்ரல் 12, சனி

ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் மகளிடம் சொல்லிவிட்டேன். கையில் இந்த நாட்குறிப்பைக் கொண்டுபோயிருந்தேன். காட்டினேன். அவள் ஒவ்வொரு தேதியாகப் படித்தாள். நடுவில் இரண்டு பேர் எங்களைத் தாண்டி ஏறிப் போனார்கள்.

"இருபத்தஞ்சு... அம்பது..." என்றாள். "எழுதி வேற வெச்சிருக்கீங்க."

"பயந்துட்டேன்மா."

"எனக்குந்தான் பயம். எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

மாப்பிள்ளையிடம் இன்றே சொல்லிவிடுகிறேன் என்றேன். சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம். படியேறவே பயப்படறார். அவர் உடம்பையே அவர் நம்பலை இப்ப. உங்களையாவது நம்பட்டும். விட்ருங்க."

மன்னித்தாளா, தண்டித்தாளா? கேட்கத் தைரியம் இல்லை.

ஏப்ரல் 19, சனி

வீட்டுக்கு வந்துவிட்டார். பத்து நிமிட நடை, மகளுடன்.

மே 3, சனி

என் நாடி 80.

மாப்பிள்ளையைப் பார்க்க அலுவலகத்திலிருந்து ஒருவர் காலையில் வந்திருந்தார். மாத்திரைகள் ஆறு வகை, குழப்பமாக இல்லையா என்று கேட்டார். "அது மாமா டிபார்ட்மென்ட். ஞாயித்துக்கிழமையிலிருந்து சனி வரைக்கும் டப்பாவுல பிரிச்சுப் போட்டுடுவார். நான் என்னன்னுகூடப் பாக்கறதில்லை, அப்படியே முழுங்கிடறேன்" என்று மாப்பிள்ளை என்னைக் காட்டினார். வந்தவர் எனக்கு வணக்கம் சொன்னார்.

அவர் போன பிறகு அடுத்த வாரத்துக்கானதைப் பிரித்து, ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்து, டப்பாவை மூடிச் சமையலறை அலமாரியில் வைத்தேன். கண்ணாடியை அங்கேயே மறந்துவிட்டேன். எடுக்கத் திரும்பிப் போனபோது மகள் டப்பாவைத் திறந்து, ஒவ்வொரு அறையாக விரலால் நகர்த்தி எண்ணிக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. புதன்கிழமையில் இருந்தாள்.

நான் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டேன். சனிக்கிழமை வரை எண்ணி முடிக்கட்டும் என்று.