அதை மட்டும் நாங்கள் சொல்வதில்லை

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதிக்கொள்வது.

உடம்பைப் பொறுத்தவரை இங்கே எல்லோரும் சுகம். மற்றதைக் கீழே எழுதுகிறேன். இதென்ன, கோழி கிளறிய மாதிரி எழுத்து என்று பார்க்காதே. எப்போதும் நான் வாயால் சொல்லச் சொல்ல உன் மகள் எழுதுவாள், நான் பெரிய அதிகாரி மாதிரி கடைசியில் கையெழுத்து மட்டும் போடுவேன். இந்தக் கடிதத்தை அவளிடம் சொல்லி எழுத வைக்க முடியாது. போனில் சொல்லலாம் என்றால், நீ கூப்பிடும்போதெல்லாம் அவள் என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். அதனால் பள்ளிக்கூடத்துச் சாமான் அறையில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து நானே எழுதுகிறேன். பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தாயிற்று. சமையல்காரம்மா எட்டிப் பார்த்து, "என்ன, பரீட்சையா?" என்று கேட்டாள். "பரீட்சை முடிஞ்சுது, பெயிலாயிட்டேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நீ அனுப்பிய பெட்டி வந்தது. சோப்பு, துண்டு, உன் அத்தானுக்குச் சட்டை எல்லாம் சரி. சட்டை இன்னும் இரண்டு பேருக்கு இடம் கொடுக்கும். அதை விடு. பெட்டிக்குள் எனக்கென்று தனியாக மடித்து வைத்திருந்த உன் காகிதத்தையும் படித்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்க ஒரு சாயங்காலம் ஆனது. "ஹாஸ்டலுக்குப் போறேன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறா. ஏன்னு கேட்டா படிப்புக்குன்னு சொல்றா. சொந்தப் பெரியம்மா வீட்டுல இவளுக்கு என்ன குறை? திமிரு. நீ செல்லம் குடுத்தது போதும், நல்லா கண்டிச்சு வை" என்று எழுதியிருக்கிறாய்.

கண்டிக்கலாம். யாரைக் கண்டிக்க வேண்டும் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

என் வேலை உனக்குத் தெரியும். மத்தியானம் மணி அடித்ததும் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் வருவார்கள், நான் கரண்டியோடு நிற்பேன். அத்தனை பேருடைய பெயர் என் மண்டையில் நிற்குமா? ஆளுக்கொரு பட்டம் வைத்துவிடுவேன். நெட்டையாக இருப்பவன் ஏணி. காலையிலிருந்து தூங்கி வழிபவன் தலையணை. வாய் மூடாதவள் ரேடியோ. விளையாட்டு வாத்தியார் விசில், அவருக்கே தெரியும். சாப்பாட்டில் உப்பு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும், சிரித்துக்கொண்டே வந்தால் பிள்ளைகள் இரண்டு வாய் கூடச் சாப்பிடும் என்பது என் கணக்கு. பெரும்பாலும் கணக்கு சரியாகத்தான் வந்தது. ஏணி தன் நோட்டு அட்டையிலேயே ஏணி படம் போட்டு வைத்திருக்கிறான்.

உன் மகளுக்கும் ஒரு பட்டம் வைத்தேன். அதை உனக்கு நான் எழுதியதே இல்லை. எழுதாமல் விட்டதிலிருந்தே எனக்கு உள்ளுக்குள் எங்கோ தெரிந்திருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

நீ விமானம் ஏறிய மறுநாள், அவளை நம் மாமா கொண்டுவந்து விட்டாரே, அன்று. வாசலில் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ்ஸில் மூட்டைக்கு ஒட்டுகிற சீட்டு அவள் பையில் ஒட்டியிருந்தது. உள்ளே வரமாட்டேன் என்கிறாள், அழவும் மாட்டேன் என்கிறாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "அடடே, பார்சல் வந்துருச்சு! யாராவது கையெழுத்துப் போட்டு வாங்குங்கப்பா!" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். அந்த ஒரு சிரிப்பை நம்பி மூன்று வருஷமாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. பள்ளிக்கூடத்தில் கரண்டியோடு நின்றுகொண்டும் சொன்னேன். சொந்தக்காரப் பிள்ளைக்கு அள்ளி வைக்கிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே, அதற்காகவும் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். "வருது பாரு எங்க வீட்டுப் பார்சல்! அனுப்புனவங்க திரும்ப வாங்க மாட்டாங்களாம்!" என்பேன். வரிசையே சிரிக்கும். சிரித்தது என்றுதான் நினைத்திருந்தேன். அவள் எப்போதும் வரிசையின் கடைசியில் நிற்பாள். கூச்ச சுபாவம் என்று நினைத்தேன். அதற்கும் ஒரு பேச்சு வைத்திருந்தேன். "பார்சல்னா கடைசி வண்டியிலதான் வரும்" என்று.

இதைப் படித்துவிட்டு நீ காகிதத்தைக் கசக்கி எறிந்தாலும் எறிவாய். எறிந்துவிட்டு மறுபடி எடுத்துப் படி. இன்னும் இருக்கிறது.

அவள் தோழமைக் குழு என்று ஒன்றில் இருக்கிறாள், தலைவி மாதிரி என்று உனக்குப் பெருமையாக எழுதியிருந்தேன் அல்லவா? பள்ளிக்கு வராத பிள்ளையின் வீட்டுக்குப் பாடம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள், சின்ன வகுப்புக்குக் கதை படித்துக் காட்டுவார்கள், தனியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையைத் தங்கள் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள். இந்த மாதம் புதிதாக 'இடம் மாறும் நாள்' என்று வைத்தார்கள். அன்றைக்குப் பிள்ளைகள் பரிமாறுவார்கள்; சமையல்காரம்மா, நான், கூட்டுகிற அம்மா, வாசல் காவல்காரர் எல்லோரும் தட்டை ஏந்தி வரிசையில் நிற்க வேண்டும். "தினமும் நீங்க நிக்கிறீங்க, இன்னிக்கு நீங்க உக்காந்து சாப்பிடுங்க" என்று விசில் வாத்தியார் வந்து அழைத்தார். எனக்கு ஒரே குஷி. தலை வாரி, நல்ல துணி உடுத்திக்கொண்டு போனேன்.

என் இடத்தில் ரேடியோ நின்றாள். என்னைப் போலவே தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, கரண்டியைப் பாத்திரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, "வா ஏணி! குனிஞ்சு தட்ட நீட்டு. உனக்குப் போட எனக்கு இன்னொரு ஏணி வேணும்!" என்றாள். அப்படியே என் குரல். "வாடா தலையணை, முழிச்சுக்கிட்டுதான் வந்தியா, இல்ல கால் மட்டும் வந்துச்சா?" கூடமே அதிர்ந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரிப்பு. என் வயிற்றில் பிறக்க வேண்டியவள் என்று காவல்காரரிடம் சொன்னேன்.

வரிசை நகர்ந்து நகர்ந்து கடைசிக்கு வந்தது. கடைசியில் உன் மகள். அவளுக்குப் பின்னால் நான்.

அவள் தட்டை நீட்டியதும் ரேடியோ வாயை மூடிக்கொண்டாள். இடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டாள். சிந்தாமல் நிதானமாகப் போட்டு, "போதுமா? இன்னும் வைக்கட்டா?" என்று மெல்லக் கேட்டாள்.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? குழந்தைக்கு வசனம் மறந்துவிட்டது என்று தோன்றியது. பின்னாலிருந்து எட்டி, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஏய் ரேடியோ, எங்க வீட்டுப் பார்சல ஏன்டி விட்டுட்ட? முத்திரை குத்தி அனுப்பு!" என்று நானே எடுத்துக் கொடுத்தேன்.

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ரேடியோ கரண்டியையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "பெரியம்மா, அதை மட்டும் நாங்க சொல்றதில்ல."

அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். "ஏன்டி, பள்ளிக்கூடமே அப்படித்தான கூப்பிடுது?" என்று மறுபடியும் கேட்டேன். சாப்பிட உட்கார்ந்திருந்த ஏணி எழுந்து எச்சில் கையோடு வந்து எனக்கும் உன் மகளுக்கும் நடுவில் நின்றான். கோபமாக இல்லை. மழைக்குக் குடை பிடிக்கிற மாதிரி நின்றான். "இல்ல பெரியம்மா. நீங்க மட்டும்தான்" என்றான்.

அவன் வந்து மறைப்பதற்கு முன்னால் உன் மகளின் முதுகைப் பார்த்துவிட்டேன். தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறி நின்றது, அடி விழப்போகிறது என்று தெரிந்தவர்கள் நிற்பார்களே, அப்படி. மூன்று வருஷமாக அவளுக்குப் பரிமாறுகிறேன். பாத்திரத்துக்கு இந்தப் பக்கத்திலிருந்து அவள் முகத்தைத்தான் பார்த்திருக்கிறேன். முகம் சிரித்துக்கொண்டுதான் இருக்கும். முதுகை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு அவள் திரும்பி என் கையிலிருந்த தட்டை வாங்கினாள். "பெரியம்மாவுக்குப் பசி. சீக்கிரம் போடு. முட்டை ரெண்டா வை, தட்டு கழுவுறவங்கள பகைச்சுக்காத" என்றாள். பிள்ளைகள் கொஞ்சம் சிரித்தார்கள். என்னைக் காப்பாற்றுவதற்காக அவள் என் மாதிரியே ஒரு கிண்டல் செய்தாள், தங்கச்சி. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அந்தச் சாப்பாடு எனக்கு எப்படி இறங்கியது என்று கேட்காதே.

பாத்திரம் கழுவும்போது சமையல்காரம்மாவைப் பிடித்துக்கொண்டேன். அவள்தான் சொன்னாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் உன் மகள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். ரேடியோவும் ஏணியும் பார்த்துவிட்டு, அந்தப் பெயரை இனி யாரும் சொல்லக் கூடாது என்று வகுப்பில் ஆள் ஆளாகப் போய்ப் பேசியிருக்கிறார்கள். அப்புறம் மற்ற வகுப்புக்கும் போயிருக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் விசில் வாத்தியார் அவர்களுக்குத் தோழமைக் குழு என்று பெயர் வைத்தாராம். நான் உனக்குப் பெருமையாக எழுதிய குழு, என் வாயிலிருந்து உன் மகளைக் காப்பாற்றத் தொடங்கிய குழு.

"ஏன் என்கிட்ட ஒருத்தரும் சொல்லல?" என்று கேட்டேன். "உனக்குத் தெரியாதுன்னு எங்களுக்குத் தெரியாதே. நீ தெரிஞ்சேதான் சொல்றன்னு நெனச்சோம்" என்றாள். அவள் வெடுக்கென்று சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அதனால்தான் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து உன் அத்தானிடம் சொன்னேன். சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல், "நானும் ரொம்ப நாளா சொல்லணும்னுதான் இருந்தேன். சொன்னா எனக்கு என்ன பேர் வைப்பியோன்னு பயம்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷனை நான் எத்தனை பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன் என்று எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன்.

அவளிடம் பேச வேண்டும் என்று இரண்டு நாள் சுற்றிச் சுற்றி வந்தேன். துணி மடிக்கிற சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாயைத் திறந்தால் கிண்டல்தான் வருகிறது; வேறு எதுவும் அந்த வாய்க்குப் பழக்கமில்லை. அவளே சொன்னாள்: "விடுங்க பெரியம்மா. சிரிக்க வைக்கத்தான சொன்னீங்க. எனக்குத் தெரியும். அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்க. தான் விட்டுட்டுப் போனதாலதான்னு நெனச்சு அங்க தனியா அழுவாங்க."

அதனால்தான் அவள் உன்னிடம் படிப்பு என்று சொல்லியிருக்கிறாள். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை, உன்னையும் அழவைக்கவில்லை, திமிர் பிடித்தவள் என்ற பெயரைத் தன் தலையில் வாங்கிக்கொண்டாள். சொல்லாதே என்று கேட்டதை நான் இப்போது உனக்கு எழுதுகிறேன், அதுவும் தப்புதான். எழுதாவிட்டால் நீ அவளைத் திட்டுவாய். அவள் இன்னொரு பழியைச் சுமக்க நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நீ அழுதால் அழு, ஆனால் நீ விட்டுவிட்டுப் போனாய் என்று அழாதே. அங்கே யாரோ ஒரு பெரியவரைத் தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, நீ அனுப்புவதில்தான் அவள் படிக்கிறாள். நீ நம்பி விட்ட இடம்தான் சரியில்லை.

நேற்று அவள் தட்டை நீட்டியபோது அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நீ ஆசை ஆசையாகத் தேடி வைத்த பெயர். என் வாய்க்கே புதிதாக இருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை, "கொஞ்சமாப் போடுங்க பெரியம்மா" என்றாள். நேற்றும் கடைசியில்தான் நின்றாள். ஒரே நாளில் முன்னால் வந்துவிடுவாள் என்று எதிர்பார்த்தேனா? ஆமாம், எதிர்பார்த்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

ஹாஸ்டலுக்கு அனுப்பு என்றோ அனுப்பாதே என்றோ சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவளை ஒரு வார்த்தை திட்டாமல் கேள். போகிறேன் என்றால் அனுப்பு. பெட்டி நானே அடுக்கித் தருவேன், வாசல் வரை போய் ஒரு பேச்சும் பேசாமல் வழியனுப்புவேன். இருக்கிறேன் என்று அவள் சொன்னால்... அதை எழுத வரவில்லை, அந்த இடத்தைக் காலியாகவே விடுகிறேன்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு. என் மேல் கோபத்தை வைத்துக்கொள், சீக்கிரம் ஆற்றிவிடாதே. எந்த ஊரில், எந்தக் கூடத்தில் சாப்பிட்டாலும் உன் மகள் வரிசையில் முதல் ஆளாக நின்று தட்டை நீட்டட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா