குதிகால் படம்

ஜூன் 3, செவ்வாய்

இன்று ஆஸ்பத்திரியில் பத்தொன்பது பிள்ளைகள், முப்பத்தெட்டுக் கால்கள். எல்லாம் தட்டைப் பாதம். ஒவ்வொரு காலையும் நுரைப்பஞ்சுப் பெட்டியில் அழுத்தி அச்செடுத்து, பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அதன்மேல் படியவைத்து, ஓரம் தேய்த்து, ஷூவுக்குள் வைக்கிற இன்சோலாக ஆக்குவதற்குள் இடுப்பு கழன்றுவிடுகிறது. பதினான்கு வருடமாக அதே ஸ்டூல்.

இருபதாவது என் மகள். பள்ளி விட்டு வந்ததும் தினமும் இடது கால் வலிக்கிறது என்கிறாள். ஏழு வயதில் என்ன வலி என்று ஒரு மாதம் ஓட்டிவிட்டேன். இன்று எலும்பு டாக்டரிடம் காட்டினேன். "தட்டையா இருக்குன்னு எல்லாப் பிள்ளைக்கும் இது தேவையில்லம்மா, உங்களுக்குத் தெரியாததா? வலிக்குதுங்கிறாளே, அதுக்காகப் போடலாம்" என்றார். கோப்பு எடுக்கப் போனவரை, நம்ம பிள்ளைதானே என்று நான்தான் தடுத்தேன். துண்டுச் சீட்டில் இரண்டு குதிகால் வரைந்து, ஒன்றின் பக்கத்தில் 6, இன்னொன்றின் பக்கத்தில் 3 என்று எழுதிக் கொடுத்தார். இன்சோலில் குதிகாலை எத்தனை மில்லிமீட்டர் தூக்கவேண்டும் என்ற கணக்கு அது. சாப்பாட்டு நேரத்திலேயே செய்து முடித்தேன். சாப்பிடவில்லை.

ஜூன் 9, திங்கள்

பாப்பா குத்துது என்கிறாள். புதுசுதானே, பழகிடும் என்றேன்.

ஜூன் 12, வியாழன்

மறுபடியும் குத்துகிறதாம். "ஓடும்போது குத்துது, நிக்கும்போது குத்துது, உக்காந்தா குத்தல" என்று பெரிய பட்டியல். உட்கார்ந்தால் ஏன் குத்தப்போகிறது? வேலை முடிந்து வந்த அலுப்பில் பதில் சொல்லத் தெம்பில்லை. பழகிடும்டி.

ஜூன் 20, வெள்ளி

பள்ளிப் பையைக் கவிழ்த்தபோது இரண்டு இன்சோலும் கைக்குட்டையில் சுற்றியபடி விழுந்தன. எத்தனை நாளாகவோ, யாருக்குத் தெரியும்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "ஊர்ல இருக்கிற பிள்ளைங்க எல்லாம் அம்மா செஞ்சதப் போட்டுக்கிட்டு ஓடுது. உனக்கு மட்டும் என்ன கேடு? பொய்க்காரி." அப்படியே சொன்னேன். அவள் அழவில்லை. இன்சோலை எடுத்துத் தானே ஷூவுக்குள் வைத்துக்கொண்டு போனாள். அழுதிருந்தால் தேவலை.

ஜூன் 26, வியாழன்

வலிக்குதா என்று கேட்டேன். இல்லை என்றாள். அப்பாடா.

ஜூலை 4, வெள்ளி

சாயங்காலம் இவர்தான் அவளுக்குக் கால் கழுவிவிட்டார். "இங்க வா" என்றார். குரலே சரியில்லை. வலது உள்ளங்காலில் வளைவு வரவேண்டிய இடத்தில் கொப்புளம் வந்து, உடைந்து, அதன்மேல் இன்னொன்று வந்திருக்கிறது. காலுறை ஒட்டிக்கொண்டிருந்ததைத் தண்ணீர் விட்டு நனைத்துத்தான் எடுத்தாராம்.

"ஏண்டி சொல்லல?" என்றேன்.

"சொன்னேன்ல" என்றாள். அவ்வளவுதான்.

பிறகு இவர் மெதுவாகக் கேட்டார், "ஆஸ்பத்திரியில ஒரு பிள்ள குத்துதுன்னா நீ என்ன செய்வ?"

கழற்றிப் பார்ப்பேன். கையை விட்டுத் தடவிப் பார்ப்பேன். எங்கே, எப்போது என்று கேட்டு எழுதுவேன். பழகிடும் என்று ஒரு பிள்ளையிடமும் சொன்னதில்லை. பதினான்கு வருடத்தில் ஒரு பிள்ளையிடமும் இல்லை. இதை அவரிடம் சொல்லாமல் மருந்து எடுக்கப் போனேன்.

ஜூலை 5, சனி

சீட்டையும் இன்சோலையும் டாக்டர் மேசையில் வைத்தேன். பார்த்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டு மறுபடி பார்த்தார். "ஏம்மா, இது பின்னாடி நின்னு பாக்கிற படமில்லையா? குதிகால் பின்னாடிதானே தெரியும்."

பிள்ளைகள் எப்போதும் என் எதிரேதான் நிற்பார்கள். என் இடது கைப் பக்கம் இருப்பது அவர்களுடைய வலது கால். அந்தப் பழக்கத்தில் படத்தையும் எதிரே நிற்கிற காலாக எடுத்துக்கொண்டேன். இடதுக்கு ஆறு போடவேண்டியதை வலதுக்குப் போட்டிருக்கிறேன். வலிக்கிற காலுக்குத் தாங்கல் போதவில்லை, வலிக்காத காலைப் புண்ணாக்கியாயிற்று. கோப்பு எடுத்திருந்தால் இடது, வலது என்று எழுத்தில் இருந்திருக்கும். நம்ம பிள்ளை. அதனால்தான் இந்த லட்சணம்.

அங்கேயே அவள் பெயரில் கோப்பு போட்டோம். டாக்டர் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜூலை 6, ஞாயிறு

அவளிடம் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. அம்மா தப்பா செஞ்சுட்டேன், கால் மாறிப்போச்சு, நீ சொன்னது அத்தனையும் சரி.

அவள் கேட்டாள்: "அப்ப நான் பொய்க்காரி இல்லையா?"

இல்லடா தங்கம். இல்லவே இல்ல. சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். இரண்டு வாரமாக அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டு பள்ளிக்குப் போய் வந்திருக்கிறாள். நானெல்லாம் ஒரு தாய்.

ஜூலை 14, திங்கள்

புண் ஆறிவிட்டது. புது இன்சோல் போட்டு இரண்டு நாள். எப்படி இருக்கு என்றால் "நல்லா இருக்கு." காலையிலும் நல்லா இருக்கு, மாலையிலும் நல்லா இருக்கு. பதில் சொல்வதற்கு முன்னால் ஒருமுறை என் முகத்தைப் பார்க்கிறாள்.

காலுறையைக் கழற்றித் தேடினேன். சிவப்பில்லை, தடிப்பில்லை. ஆனால் காலைப் பார்த்து எவ்வளவுதான் தெரிந்துகொள்வது? அவள் வாயைத் திறந்தால்தானே உண்டு.

ஜூலை 17, வியாழன்

நல்லா இருக்காம்.

ஜூலை 21, திங்கள்

இருபத்திரண்டு பிள்ளைகள். ஒரு பையன் இன்சோலைக் கழற்றி என் மடியில் விட்டெறிந்து, "இது வேஸ்ட்டு" என்றான். அவன் அம்மா வெட்கத்தில் நெளிந்தாள். விடுங்க, சொல்லட்டும் என்றேன். எனக்கு அந்தப் பையனின் அம்மாவைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது.

ஜூலை 26, சனி

அரை நாள் வேலை, ஆனால் கூட்டம் நெரிந்தது. பதினோராவது ஆளாக யாரோ வந்து நின்றார்கள். நிமிர்ந்தால் பாப்பா. இவர் வாசலில் நின்று கையை விரித்தார், "அவளேதான் வரணும்னு சொன்னா. வரிசையில உக்காந்துதான் வந்தா."

எதிரே உட்கார்ந்தாள். இடது ஷூவைக் கழற்றினாள். "இது சரியில்ல" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சுண்டு விரல் பக்கம் உரசுகிறதாம். ஓடினால் மட்டும். படி ஏறினால் இல்லை, இறங்கினால் உண்டு. வலது கால் பரவாயில்லை, ஆனால் வேர்க்கிறது. வாசனை வேறு வருகிறது. நிறமும் சகிக்கவில்லை, சாம்பல் நிறத்தை யார் தேர்ந்தெடுத்தது?

நான்தான் என்றேன். எழுதிக்கொண்டேன்.

வெளியே டோக்கன் கூப்பிடுகிற அக்கா பொறுமையிழந்து எட்டிப் பார்த்து அடுத்த எண்ணைச் சொன்னார். பாப்பா திரும்பி, "இருங்க ஆன்ட்டி, நான் இன்னும் சொல்லி முடிக்கல" என்றாள்.