தட்டை போடாத குடுவை

அன்புள்ள மகளுக்கு,

நானும் அப்பாவும் நலம், அவருடைய முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனிக்கட்சி நடத்துகிறது. உன் இருமல் நின்றதா என்று எழுது. போனில் கேட்டாயே, ரிட்டயராக எட்டு மாசம்தானே இருக்கு, அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டுட்டுப் போயேம்மா என்று. விவரமாகவே பதில் எழுதுகிறேன். அறுவடையில் மிஞ்சும் சோளத்தட்டையை நறுக்கி, காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்து, கழுவி, நொதி ஊற்றினால் அதிலிருந்து சர்க்கரை பிரிந்து வரும். ஊறவைக்காத தட்டை எதற்கும் மசியாது, உன் அத்தை மாதிரி. தட்டையில் உள்ள சர்க்கரையில் நூற்றுக்கு எண்பத்துமூன்று பங்கை எடுத்துவிட்டோம் என்று மூன்று மாதமாக எங்கள் ஆய்வகமே தலைகால் புரியாமல் ஆடியது, நானும்தான். போன வாரம் தட்டையே போடாமல் ஒரு குடுவையில் நொதியை மட்டும் ஊற்றிப் பார்த்தேன். அதிலும் சர்க்கரை இருந்தது. நொதி கெடாமலிருக்க விற்பவர்களே சர்க்கரை கலந்துதான் அனுப்புகிறார்கள், அதைக் கழிக்க வேண்டும் என்று முப்பது வருட அனுபவமுள்ள உன் அம்மாவுக்கு உறைக்கவில்லை. கழித்தால் அறுபத்தொன்று.

மேலாளர் அந்தக் குடுவையை உற்றுப் பார்த்துவிட்டு, அப்ப தட்டையே வேணாமே மேடம், செலவு மிச்சம்தானே என்றார். சிரிப்பார் என்று காத்திருந்தேன், சிரிக்கவில்லை. எண்பத்துமூன்றைப் பார்த்துத்தான் நாளை ஆலைக்கு வரும் முதலீட்டுக் குழு பெரிய தொட்டிகள் கட்ட ஒப்புதல் தருமாம், ஆய்வகப் பொறுப்பாளர் என்று நான் கையெழுத்திட வேண்டுமாம், முடியாதென்றால் இப்போதே வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கலாமாம். மரியாதையாகத்தான் சொன்னார். தொட்டி கட்டிய பிறகு கணக்கு உதைத்தால் ஆலையை மூடுவார்கள், எங்களை நம்பித் தட்டையைச் சேர்த்துவைத்த விவசாயிகள் பழையபடி வயலிலேயே கொளுத்துவார்கள். குடுவை கழுவுகிறவள், ஊரெல்லாம் சொல்லிட்டு இப்ப மாத்தினா அசிங்கமில்லையாக்கா என்றாள். அசிங்கம்தான், அது என்னுடையது என்றேன்.

இன்று மாலை அறுபத்தொன்று என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டேன், பிழை என்னுடையது என்று கீழே ஒரு வரியும் சேர்த்தேன். நாளை குழுவிடமும் நானே சொல்வேன். இன்னும் நெடுநேரம் ஊறவைத்தால் எழுபதைத் தொடலாம், அதற்கு இரண்டு மாதம் கேட்பேன். கொடுக்கிறார்களோ வெளியே அனுப்புகிறார்களோ, கேட்காமல் வரமாட்டேன். அப்பா என் செருப்பைத் துடைத்து வாசலில் வைத்திருக்கிறார்.

நீ நோயின்றி, எவருக்கும் கூழைக்கும்பிடு போடாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். இருமலுக்குச் சுடுதண்ணீர் குடி. உன் அலுவலகத்தில் எல்லோரிடமும் எண்பத்துமூன்று என்று பெருமையடித்தாயாமே, அவர்களிடம் இதைப் படித்ததுமே திருத்திச் சொல்லிவிடு. பாதிப் பேர் மறந்திருப்பார்கள், மறக்காதவர்களிடம் முதலில் சொல்.

அறுபத்தொன்றிலேயே நிற்கும்,
உன் அம்மா